டில்லி சலோ!

டில்லியைக் கண்ணால் காணாத தமிழர்களுக்குக்கூட டில்லியைப் பற்றி ஒரு பழமொழி தெரியும். "டில்லிக்கு ராஜாவானாலும் தாய்க்குப் பிள்ளை" என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காவேரியைத் தாண்டி வடக்கே கூடப் போனதில்லை. ஆகவே, டில்லி என்பது அவர்களுக்கு ஓர் ஊரின் பெயராக இருக்கவில்லை. மனிதன் ஏறக்கூடிய உயரங்களில் எல்லாம் பெரிய உயரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்த உயரத்தில் ஏறி நின்றவனையும் "அடே, இங்கே வா! எண்ணெய் தேய்த்துக் கொள்!" என்று கூப்பிடுவதற்கு ஒருத்திக்கு உரிமை உண்டு என்பதே பழமொழியின் தாத்பரியம்.

ஸ்ரீபெரும்பூதூர்க்காரர்களாகிய எங்களுக்கோ டில்லியுடன் இன்னும் நெருங்கிய சம்பந்தங்கள் உண்டு. எங்கள் ஊரில் அவதரித்த ஸ்ரீ ராமாநுஜர் டில்லி வரையில் போய் வந்ததாக வைஷ்ணவ சம்பிரதாயம் சொல்லுகிறது. டில்லியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த ஒருவரோ திரும்பிப் போகவில்லை. 1991-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி இரவு, தேர்தல் பிரசாரத்துக்காக வந்த ராஜீவ் காந்தி இங்கேதான் கொலையுண்டார். அவருடைய ஞாபக மண்டபத்தைக் கடந்துதான் நாங்கள் தினந்தோறும் வேலைக்குப் போகிறோம், கறிகாய் வாங்கப் போகிறோம்.

இவ்வளவு சம்பந்தம் இருந்தும் டில்லியைப் பார்க்காமலே நாற்பது வயதைத் தாண்டிவிட்டவர்கள் நாங்கள் நால்வர். எங்களில் இருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். அவர்களில் ஒருவர் தமிழ்ப் பண்டிதர். மூன்றாமவர் ஒரகடத்தில் மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். நான்காமவர் காஞ்சீபுரத்துப் பட்டு வியாபாரி. சென்ற அரையாண்டு விடுமுறையில் நால்வரும் புறப்பட்டோம். வீட்டிலுள்ளவர்கள் இந்தப் பயணத்துக்குத் தடை ஏதும் சொல்லவில்லை. "கோடை விடுமுறைக்கு நாங்களும் ஓர் ஊர் யோசித்து வைத்திருக்கிறோம்" என்று மாத்திரம் சொன்னார்கள். அந்த ஊர் எது என்பது இதை எழுதும் வரையில் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

இரண்டு இரவும் ஒரு பகலும்

ஆகாய விமானத்தில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் டில்லி வந்துவிடுகிறது. ஆனால் அப்படிப் போகிறவர்களுக்குத் தேசம் நடுவில் இருப்பது தெரியாது. நாங்கள் சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். சுமார் 2,180 கிலோமீட்டர் தூரம். கிருஷ்ணா நதியை இருட்டிலே தாண்டினோம். கோதாவரியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். நர்மதையை மறுபடியும் இருட்டிலே தாண்டினோம். வாரங்கல்லில் தெலுங்கும், நாகபுரியில் மராத்தியும், இடார்ஸியில் ஹிந்தியும் பலகாரக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெட்டிக்குள் ஏறின. பாஷை மாறிக்கொண்டே போயிற்று. டீயின் ருசி மட்டும் டில்லி வரையில் மாறவே இல்லை.

நாகபுரியில் இறங்கிப் பிளாட்பாரத்தில் உலாவியபோது, எங்கள் தொழிற்சாலை நண்பரை யாரோ, "ஸார்! ஸார்!" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. முன்பதிவில்லாத பெட்டியின் ஜன்னல் வழியாக ஓர் இளைஞன் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் அவருடைய பகுதியிலேயே வேலை செய்கிறவனாம். ஜான்ஸிக்கு அருகில் உள்ள கிராமத்துக்குப் போகிறான். அந்தப் பெட்டியில் உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. அதற்குள்ளிருந்து அவன் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து நண்பருடைய கையில் வைத்தான். நாகபுரி ஆரஞ்சின் புகழ் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அன்று அந்தப் பழங்களை உரித்துத் தின்ன எங்களுக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

ஜான்ஸிக்கு அப்பால் மூடுபனி பிடித்துக்கொண்டது. வண்டி நின்று நின்று, தடவித் தடவிக்கொண்டு, பல மணி நேரம் தாமதித்துப் புது டில்லி நிலையத்தை அடைந்தது. மார்கழிக் குளிருக்கென்று பண்டிதர் கொண்டு வந்திருந்த காஷ்மீர்ச் சால்வை, டில்லிக் குளிருக்கு முன்னால் மஸ்லின் துணியாகிவிட்டது. நடைபாதைக் கடையில் நான்கு கம்பளிக் குல்லாய்கள் வாங்கி மாட்டிக்கொண்டோம். அதன் பிறகு எங்களை எங்கள் பெண்டு பிள்ளைகளே அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

செங்கோட்டையின் இரண்டு விசாரணைகள்

டில்லியை ஓர் ஊர் என்று சொல்வது தவறு. அது பல ஊர்களின் சுடுகாடு. பல ஊர்களின் பிரசவ அறையும் அதுவே. ஏழு டில்லிகள் என்று சொல்லுவது வழக்கம். ஒவ்வோர் அரசனும் முன்னவனுடைய ஊரில் குடியிருக்க மனமில்லாமல் பக்கத்தில் வேறு ஊர் கட்டினான். முகம்மது பின் துக்ளக் 1327-ஆம் வருஷத்தில் தலைநகரையே தெற்கே தௌலதாபாத்துக்கு மாற்றிப் பார்த்தான். அவனை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். சரித்திரப் புஸ்தகத்தின் மூலம் அல்ல, 1968-இல் சோ எழுதி நடித்த நாடகத்தின் மூலம்!

ஏழாவது டில்லிதான் ஷாஜஹான் கட்டியது. 1639-இல் தொடங்கி 1648-இல் முடிந்த செங்கோட்டை அதன் சிரசு. லாகூர் வாசல் வழியாக நுழைந்து, கூரை போட்ட கடைவீதியைக் கடந்து, பொது மண்டபத்தையும் தனி மண்டபத்தையும் பார்த்தோம். மயிலாசனம் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருக்கிறது. 1739-இல் நாதிர் ஷா அதை வாரிக்கொண்டு போனான். ஆசனம் போனதற்காக நாங்கள் பெருமூச்சு விடவில்லை. அதே மண்டபத்தில் 1858-இல் நடந்த காரியத்தை நினைத்துத்தான் எங்களுக்குத் தொண்டை அடைத்தது. எண்பது வயதைத் தாண்டிய பகதூர் ஷாவைத் தம் முன்னோர்களின் சபையிலேயே குற்றவாளியாக நிறுத்தி வெள்ளைக்காரர்கள் விசாரித்தார்கள். பிறகு ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அவர் 1862-இல் அங்கேயே இறந்தார்.

இரண்டாவது விசாரணை 1945 நவம்பரில் தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் ஸாகல், குர்பக்ஷ் ஸிங் தில்லான் என்ற மூவரையும் ராணுவக் கோர்ட்டின் முன் நிறுத்தினார்கள். மூவரும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் ஹிந்து, ஒருவர் சீக்கியர். தேசத்தைப் பிரித்து வைக்க விரும்பியவர்கள், தேசத்தைச் சேர்த்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்திருக்க முடியாது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். ஜவாஹர்லால் நேரு, கழற்றிப் பல வருஷமாகிவிட்ட வக்கீல் அங்கியை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டு வந்தார். ஆயுள் தண்டனை விதித்தும் சர்க்கார் அதை நிறைவேற்றத் துணியவில்லை.

கோட்டைக்குள்ளே வெள்ளைக்காரப் பட்டாளம் குடியிருந்த கட்டடம் ஒன்றில், 2019-இல் நேதாஜி காட்சிசாலை திறந்திருக்கிறார்கள். அங்கேதான் எங்கள் பண்டிதர் நகராமல் நின்றுவிட்டார். "'டில்லி சலோ' என்று 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி முழங்கியபோது, அதைத் திரும்ப முழங்கியவர்கள் யார், தெரியுமா?" என்று கேட்டார். "மலேயாவில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் ஜனங்கள்!"

உண்மைதான். ஆயிரக்கணக்கான தமிழர்கள் தோட்டத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ஜான்ஸி ராணி படைக்குச் சென்னையிலிருந்து போன டாக்டர் லக்ஷ்மி தலைமை வகித்தார். அதில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களில் பலர் இந்தியாவின் மண்ணையே மிதித்ததில்லை. டில்லி எந்தத் திசையில் இருக்கிறதென்று அவர்களைக் கேட்டிருந்தால் சூரியனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும், "டில்லிக்குப் போவோம்" என்று புறப்பட்டார்கள். 1944-இல் இம்பால் எல்லையோடு அந்தப் பயணம் நின்றுபோயிற்று. மிஞ்சியவர்கள் தோட்டத்துக்குத் திரும்பி மறுபடியும் மரத்தைக் கீறினார்கள்.

அவர்கள் வந்து சேர முடியாத கோட்டைக்குள், தள்ளுபடி டிக்கட்டுக்கும் வேர்க்கடலைக்கும் பேரம் பேசிக்கொண்டு நாங்கள் வந்து நின்றோம். 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி நேரு கொடியேற்றிய வாசலின் மேல் மூவர்ணக் கொடி பறந்துகொண்டிருந்தது. நால்வரும் குல்லாயைக் கழற்றினோம். குளிர் காதைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு வீதி, ஒரு கேள்வி

கோட்டைக்கு எதிரே தொடங்குவது சாந்தினி சௌக். முந்நூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட கடைவீதி. அந்த ஒரே வீதியில் ஜைனர்களின் செங்கோயில், கௌரிசங்கர் ஆலயம், ஸீஸ் கஞ்ஜ் குருத்வாரா, ஒரு கோடியில் பதேபுரி மசூதி எல்லாம் இருக்கின்றன. 1675-இல் குரு தேக் பகதூர் சிரச்சேதம் செய்யப்பட்ட இடத்தில் எழுந்தது அந்தக் குருத்வாரா. அங்கே வருகிற எவருக்கும் சாதி, மதம், ஊர், பேர் கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். நாங்களும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். ரொட்டியை ஒரு கையால் வாங்கப் போன எங்களை, இரண்டு கைகளையும் ஏந்தும்படி பரிமாறினவர் ஜாடை காட்டினார். பிச்சை என்று நினைக்காமல் பிரசாதம் என்று நினைத்து வாங்க வேண்டுமாம். காஞ்சீபுரத்து நண்பர் சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து போய்த் தட்டுக் கழுவுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். அவர் வீட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு, சரிகை வியாபாரம் நடக்கும் கினாரி பஜாரைப் பார்த்தே தீரவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கத்துக் கடைக்குள் ஏறி வழிவிட வேண்டிய சந்து அது. நண்பர் சரிகையை நகத்தால் சுரண்டி, விளக்கில் காட்டி, மோந்து பார்த்து, கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்தார். கடைப் பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "எந்த ஊர்?" என்று ஹிந்தியில் கேட்டான். "சென்னைக்குப் பக்கம்" என்றோம். "சென்னைக்குப் பக்கம் என்றால் ஒரகடமா?" என்றான்.

திடுக்கிட்டுப் போனோம். சென்னையில் இருப்பவர்களிலேயே பலருக்கு ஒரகடம் எங்கே இருக்கிறதென்று தெரியாதே! அவனுடைய தமையன் ஒரகடத்தில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான், மூன்று வருஷமாயிற்று. சொந்த ஊர் பீஹாரில். "அண்ணா", "சாப்பாடு", "போதும்" என்ற மூன்று தமிழ் வார்த்தைகளைத் தமையனிடமிருந்து டெலிபோனில் கற்றுக்கொண்டிருந்தான். மூன்று வார்த்தைகளையும் வரிசையாக எங்களிடம் சொல்லிக் காட்டினான். முதலாளியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, எங்களுக்கு வழி தவறிவிடுமே என்று மெட்ரோ நிலையம் வரையில் கூடவே நடந்து வந்தான். நிலையத்தின் வாசலில் நின்று தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கே ஜனங்கள் எப்படி? என் அண்ணனை நன்றாக நடத்துவார்களா?"

எங்களில் ஹிந்தி நன்றாகத் தெரிந்தவர் தொழிற்சாலை நண்பர் ஒருவரே. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்பு அவனுடைய தோளில் கை வைத்து, தமையனுடைய டெலிபோன் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். பையனுக்கு அதுவே பதிலாகப் போதுமாயிருந்தது.

துருப் பிடிக்காத தூண்

மறுநாள் குதுப்மினார். 72.5 மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் தொடர்ந்து, இடி விழுந்து சிதைந்த மேல் அடுக்குகளைப் பெரோஸ் ஷா செப்பனிட்டுக் கட்டிய கோபுரம். 1981-இல் உள்ளே நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு ஏறிப் பார்க்க அனுமதியில்லை. அந்த விபத்தில் இறந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் என்பதை அறிந்தபோது, உபாத்தியாயர்களாகிய எங்கள் இருவருக்கும் ஏறும் ஆசையே போய்விட்டது. மூடுபனியில் கோபுரத்தின் உச்சி தெரியவில்லை. அதுவும் நல்லதுதான், முடிவே இல்லாத கோபுரத்தைப் பார்த்த திருப்தி எங்களுக்குக் கிடைத்தது.

ஆனால் எங்களை அங்கே வெகு நேரம் நிறுத்தி வைத்தது கோபுரம் அன்று, அதன் அடியில் நிற்கும் இரும்புத் தூண். ஏழு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம். ஆறு டன்னுக்கு அதிகமான எடை. ஆயிரத்து அறுநூறு வருஷ வயது. சந்திரன் என்ற அரசன் திருமாலுக்குக் கொடிமரமாக இதை நாட்டியதாக அதில் பொறித்திருக்கிறது. அவன் குப்த வம்சத்து இரண்டாம் சந்திரகுப்தன் என்பது அறிஞர்களின் அபிப்பிராயம். இத்தனை மழையிலும் பனியிலும் துருப் பிடித்துக் கரையாமல் நிற்கிறது.

தொழிற்சாலை நண்பர் வேலியைப் பிடித்துக்கொண்டு ஆகாரத்தைக்கூட மறந்து நின்றார். மோட்டார் வண்டி செய்கிறவர்களுக்குத் துருவைவிடப் பெரிய சத்துரு கிடையாது. தகட்டைக் கழுவுவது, பாஸ்பேட் பூசுவது, மின்சாரத்தால் வர்ணம் ஏற்றுவது என்று எத்தனையோ காவல் போடுகிறார்கள். இந்தத் தூணின் ரகசியமும் பாஸ்பரஸ்தானாம். பழைய கொல்லர்கள் கரியைக் கொண்டு உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து, தூணின் மேல் மெல்லிய கவசம் ஒன்றைத் தானாகவே உண்டாக்கிக்கொண்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். "நாங்கள் இத்தனை வருஷ உத்தரவாதம் கொடுக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறோமே, இவன் ஒன்றுமே சொல்லாமல் நிற்கிறானே, ஸார்!" என்று நண்பர் சொன்னார்.

பண்டிதருக்கோ அங்கே உடையவரின் ஞாபகம் வந்துவிட்டது. மேல்கோட்டையின் உற்சவமூர்த்தி டில்லி அரண்மனையில் இருப்பதை அறிந்து, ராமாநுஜர் இவ்வளவு தூரம் நடந்து வந்து, "செல்வப் பிள்ளாய், வாரும்!" என்று அழைக்க, மூர்த்தி குழந்தையாகச் சலங்கை ஒலிக்க வந்து அவருடைய மடியில் அமர்ந்தது என்பது வரலாறு. அந்த மூர்த்தியிடம் பிரியம் வைத்திருந்த துருக்க ராஜகுமாரி பிரிவைத் தாங்காமல் பின்தொடர்ந்து வந்தாள். மேல்கோட்டையில் அவளுக்கும் இடம் கொடுத்து, 'பீபி நாச்சியார்' என்று இன்றும் ஆராதிக்கிறார்கள்.

ராமாநுஜருடைய காலம் 1017 முதல் 1137 வரை என்பது சம்பிரதாயக் கணக்கு. டில்லியில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது 1206-இல். ஆகவே, வருஷக் கணக்கு இந்தக் கதைக்கு உதவி செய்யாது. சரித்திரம் படித்தவர்களாகிய எங்களுக்கு இது தெரியும். ஆனால், கதையைக் கட்டியவர்களின் மனத்தைப் பாருங்கள்! டில்லியிலிருந்து படையெடுத்து வந்தவர்களால் எவ்வளவோ துன்பம் அடைந்த தெற்கத்தியார், டில்லியைப் பழி வாங்குவதாக ஒரு கதை கட்டவில்லை. டில்லியின் பெண் ஒருத்தியைத் தங்கள் கோயிலுக்குள் அழைத்து வந்து நாச்சியாராக உட்கார வைத்துவிட்டார்கள்.

ராஜா போன மேடை

எட்டாவது டில்லி வெள்ளைக்காரர்கள் கட்டியது. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பார் நடத்தித் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றினார். லட்யன்ஸ், பேக்கர் என்ற இரு சிற்பிகளும் கட்டி முடித்து, 1931 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. என்றென்றைக்கும் ஆள்வதற்காகக் கட்டிய அந்த நகரத்தில் அவர்கள் பதினாறு வருஷமே வாசம் செய்தார்கள். வாடகை வீட்டிலேயே அதைவிட அதிக காலம் இருந்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்!

வைஸ்ராய்க்காகக் கட்டிய மாளிகையில் 340 அறைகள். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே குடிபோன முதல் இந்தியர் நம் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக வந்த அவர், வைஸ்ராயின் ஆடம்பர அறைகளை விட்டுவிட்டு, சில சிறிய அறைகளே போதும் என்று இருந்துகொண்டார். இன்றும் ராஷ்டிரபதிகள் வசிப்பது அந்தப் பகுதியில்தான்.

கிங்ஸ்வே என்ற வீதி ராஜ்பத் ஆகி, 2022 முதல் கர்த்தவ்ய பத் ஆகியிருக்கிறது. அதன் கோடியில் இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மேடையும் கூரையும் உண்டு. அங்கே நின்ற ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968-இல் எடுத்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் மேடை காலியாயிருந்தது. 2022 செப்டம்பரில் அந்த இடத்துக்கு நேதாஜி வந்து சேர்ந்தார். தெலங்கானாவிலிருந்து கொண்டு வந்த கருங்கல்லில் செதுக்கிய 28 அடிச் சிலை. "டில்லி சலோ" என்று புறப்பட்டவர் எழுபத்தொன்பது வருஷம் கழித்து டில்லிக்கு வந்திருக்கிறார். அவரோடு புறப்பட்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு நாங்கள் மனத்திற்குள் ஒரு மேடை கட்டிக்கொண்டோம்.

அப்பால் பார்லிமெண்டு. 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி பகத்ஸிங்கும் படுகேஷ்வர் தத்தும் வெடி வீசிய வட்டக் கட்டடம் பழையது. அதிலேதான் அம்பேத்கருடைய தலைமையில் அரசியல் சட்டம் உருவாயிற்று. சட்டத்தை வரைந்த குழுவில் சென்னை ராஜதானியிலிருந்து போன அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும் கோபாலஸ்வாமி ஐயங்காரும் இருந்தார்கள். பக்கத்திலே 2023 மே 28-ஆம் தேதி திறந்த புதுக் கட்டடம். 1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி இரவு திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்த செங்கோல், பல வருஷம் அலகாபாத் காட்சிசாலையில் இருந்துவிட்டு, இப்போது லோக சபையில் சபாநாயகர் ஆசனத்தின் அருகில் நிற்கிறது. செங்கோல் நம்முடையது என்பதில் எங்களுக்குப் பெருமைதான். அதன் தத்துவமும் நம்முடையதே என்று பண்டிதர் நினைவூட்டினார். செங்கோல் வளையாமல் இருக்கிறதா என்பதைக் குடியானவன் வீட்டு வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்றார்.

தமிழர்களின் டில்லி

நகரத்தின் நடுவட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கன்னாட் பிளேஸ். அதன் அடியிலுள்ள மெட்ரோ நிலையத்துக்கு ராஜீவ் சௌக் என்று பெயர். ஒவ்வொரு தடவையும் ரயிலுக்குள் அந்தப் பெயரை அறிவித்தபோது நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டில்லி ஜனங்களுக்கு அது வண்டி மாறும் இடம். எங்களுக்கு அது எங்கள் ஊர் ஞாபகம்.

வீதிகளில் தொழிற்சாலை நண்பருக்கு வேறு வேலை வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், ஒரகடத்தில் பின்னாலும் பிறந்த மோட்டார் வண்டிகளையும் புல்லட் சைக்கிள்களையும் எண்ணத் தொடங்கினார். "அதோ, நம் பிள்ளை! இதோ, இன்னொன்று!" கரோல்பாக்கில் புல்லட்டுகளுக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடைகள் வரிசை வரிசையாக இருப்பதைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சம்பந்தி வீட்டில் தம் பெண்ணுக்கு நகை போட்டிருப்பதைப் பார்த்த தகப்பனாரைப் போல் நின்றார்.

கரோல்பாக் தமிழர்களின் பழைய பேட்டை. சர்க்கார் உத்தியோகத்துக்கென்று டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறிய தலைமுறை அங்கே குடியேறிற்று. அவர்கள் முதலில் கவலைப்பட்டது பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. 1923-இல் தொடங்கிய முயற்சி இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிக்கூடங்களாக வளர்ந்திருக்கிறது. பிறகு கோயிலைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் 1973-இல் கும்பாபிஷேகம் நடந்த ஸ்வாமிநாத ஸ்வாமி கோயில் எழுந்தது. மலை மந்திர் என்றால் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிகிறது. அங்கே விபூதி வாசனை மூக்கில் ஏறியதும் குளிரே தெரியவில்லை. சுப்பிரமணிய பாரதி மார்க் என்ற பலகையின் கீழே நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால், தமிழர்களின் டில்லி அத்துடன் முடிந்துவிடவில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் கரையில் 'மதராஸி கேம்ப்' என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. பல பத்து வருஷங்களுக்கு முன்னால் பிழைப்புக்காகத் தமிழ் நாட்டிலிருந்து போனவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆண்கள் கூலி வேலை செய்தார்கள். பெண்கள் வீட்டு வேலை செய்தார்கள். வெள்ளம் வடிவதற்கு ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்ற கோர்ட்டு உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்தக் குடிசைகளை இடித்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள். அவர்களில் ஒரு பகுதியாருக்கே நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து வேலை செய்யும் வீடுகளுக்கு வந்து திரும்புவதற்குள் பொழுது போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தூரம்.

வாய்க்கால் கரையில் நின்று பார்த்தோம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றுலாக்காரர்களின் புஸ்தகத்தில் அந்த இடம் கிடையாது. ஆனால், மெட்ரோ வாசலில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அங்கேதான் முழு அர்த்தமும் விளங்கிற்று. ஒரு மண்ணில் நாம் 'மதராஸி'. வேறொரு மண்ணில் அவன் 'வடக்கத்தியான்'. இரண்டு பெயர்களும் ஒருவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டவர்கள் வைத்த பெயர்கள்.

ஐந்து நாள் உபவாசம்

கடைசி நாளை ஜனவரி 30 வீதிக்கென்று வைத்திருந்தோம். பிர்லா மாளிகையில் மகாத்மா காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்தார். மெத்தை, சாய்மானம், தாழ்ந்த எழுத்து மேஜை, கைராட்டை - அவ்வளவே அந்த அறை. வாசலிலிருந்து பிரார்த்தனை மேடை வரையில் அவர் கடைசியாக நடந்த அடிகளைச் சிமெண்டில் பாதங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் ஓரமாக நடந்து போனோம். ஓரிடத்தில் பாதங்கள் நின்றுவிடுகின்றன. 1948-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி மாலை, மணி ஐந்து பதினேழு.

அங்கே எங்களுக்கு அதிகமாக ஞாபகம் வந்தது அந்தச் சாயங்காலம் அன்று. அதற்குப் பதினேழு நாட்களுக்கு முன் ஆரம்பித்த உபவாசம். பிரிவினையின் வெறியில் டில்லி எரிந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் ஒருபுறம். வீட்டையும் மசூதியையும் இழந்து பயந்து ஒடுங்கிய டில்லி முஸ்லிம்கள் மறுபுறம். எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஜனவரி 13-ஆம் தேதி சாப்பாட்டை நிறுத்தினார். சிறுபான்மையாரின் உயிருக்கும் உடைமைக்கும் பங்கம் வராமல் காப்போம் என்று எல்லாச் சமூகத் தலைவர்களும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு, 18-ஆம் தேதிதான் பழரசம் அருந்தினார். சுதந்திரம் வந்து ஐந்து மாதமாகியிருந்தது. அந்தச் சுதந்திரத்தின் தலைநகரில் ஒரு மனிதன் பயமில்லாமல் வீதியில் நடக்க முடியவில்லையென்றால், அது யாருக்குச் சுதந்திரம் என்பதே அவருடைய கேள்வி.

டில்லியில் எத்தனையோ சிம்மாசனங்கள் இருந்தன. ஒன்றை நாதிர் ஷா தூக்கிக்கொண்டு போனான். ஒன்றை வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். தரையில் விரித்த இந்த மெத்தையை மாத்திரம் யாராலும் கொண்டு போக முடியவில்லை.

நேயர்களுக்கு

நேயர்களே! குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் டில்லிக்குப் போய் வாருங்கள். ரயிலிலேயே போங்கள். கம்பளி உடைகளைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்; பிர்லா மாளிகைக்கும் அன்று விடுமுறை. மூடுபனிக் காலத்தில் ரயில் தாமதமாவதால், திரும்பி வருவதற்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் நடுவில் இரண்டு நாள் விட்டு வைப்பது விவேகம். புகை நிறைந்த பனிக்காற்று முதியவர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆகாது. அவர்கள் பங்குனியில் போவது நலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டில்லியைப் பார்ப்பதற்கு டில்லிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. வாலாஜாபாத் ரஸ்தாவில் சாயங்காலம் 'ஷிப்டு' விடும் நேரத்தில் நின்று பாருங்கள். நீல உடுப்பும் முதுகில் பையுமாகப் பீஹாரும், ஒடிஸாவும், ஜார்க்கண்டும், அஸ்ஸாமும் உங்களைக் கடந்து போகும். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு, வாங்குகிற சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் எங்கள் பள்ளிக்கூடங்களில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து 'அ' எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளைவிடச் சில சமயம் அழகாகவே எழுதுகிறார்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை நண்பர் கினாரி பஜார்ப் பையனுடைய தமையனைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வாழையிலை போட்டுச் சாப்பாடு நடந்தது. விருந்தாளி கூச்சப்பட்டுக்கொண்டே சாம்பாரை நாலு தடவை வாங்கினான். நண்பரின் தாயார் ஐந்தாவது தடவையும் கரண்டியை நீட்டியபோது இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து, "போதும், அம்மா!" என்றான். அம்மாள் கேட்கவில்லை.

டில்லிக்கு ராஜாவானாலும் தாய்க்குப் பிள்ளை என்றால், டில்லிக்கு அப்பாலிருந்து கூலிக்கு வந்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே?